துணியில் பதிந்த முகங்கள்

நம் தமிழ்க் குடும்பங்களில் மரித்தவரின் புகைப்படத்திற்கென்று ஓர் இடம் உண்டு. கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டி, மாலை சாத்தி, சிறு மின்விளக்கொன்றை அணையாமல் எரியவிடுவர். விசுவாசிகளாகிய நாம் மாலையையும் விளக்கையும் விட்டுவிட்டோம், அது சரியே. ஆனால் அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்தோமா? மட்டாஞ்சேரியில் ஊழியம் செய்துவரும் இந்த இருபது ஆண்டுகளில் இக்கேள்வி எனக்குள் பலமுறை எழுந்ததுண்டு. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மவர் வீடுகளில் படங்கள் தகரப் பெட்டியின் அடியிலும் பழுதான கைப்பேசியிலும் கிடக்கின்றன. சட்டமிட்டு வைத்தாலும் கொச்சியின் ஈரக்காற்று விடுவதில்லை. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது; பிரித்தால் முகம் உரிந்து வருகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, வடக்கன் பறவூர்ப் பகுதிகளில் குடியிருந்தவர்கள் ஆல்பங்களைச் சேற்றோடு அள்ளி வெளியே போட்டதைக் கண்டேன்.

எங்கள் சபைச் சகோதரி ஒருவரின் கணவர் பஜாரில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கு வந்த ஊர் உறவினர், "ஒரு படம்கூட மாட்டவில்லையே, அவருக்கு இவ்வளவுதானா மதிப்பு?" என்று கேட்டுவிட்டனர். அந்தச் சொல் சகோதரியின் மனதில் முள்ளாய்த் தைத்திருந்தது. பெங்களூரில் வேலை செய்யும் மகள் இதற்கு ஒரு வழி கண்டாள். அப்பாவின் படங்களைத் துணியில் அச்சிட்டு, அவர் உடுத்திய வேட்டி, சட்டை, கைலித் துண்டுகளோடு இணைத்து, அம்மாவுக்கு ஒரு போர்வை தைப்பது என்று தீர்மானித்தாள்.

இத்தகைய போர்வையை ஆங்கிலத்தில் குயில்ட் என்பர். பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையலிட்டுப் பிள்ளைகளுக்கு விரித்த பாட்டிமாரை அறிந்த நமக்கு இது புதிதன்று. வங்காளத்தில் இது காந்தா. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்களிடம் கவந்தி. துணியில் படம் பதிப்பதும் இன்று நேற்று வந்ததல்ல. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த நீலப்பட முறை தாளைப் போலவே பருத்தியிலும் பதியும். இரும்பு உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்திய துணியின்மேல் படச்சுருளை வைத்து வெயிலில் காட்டி, நீரில் அலசினால் போதும்.

இவ்வகையில் உலகம் அறிந்த பெரும் போர்வை, சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் என்பவர் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுப் போர்வையாகும். அதன் ஒவ்வொரு துண்டும் ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துண்டுகளை விரித்தனர். இன்று அவை ஏறக்குறைய 50,000; எடை 54 டன். பலவற்றில் பெயரோடு முகமும் பதிந்துள்ளது. அந்நாட்களில் எய்ட்ஸ் நோயால் மரித்தவரை அடக்கம் செய்ய மறுத்த நிலையங்கள் உண்டு. கதவடைத்த சபைகளும் உண்டு என்பதை ஒரு போதகனாக நான் மறைப்பதற்கில்லை. அவர்களுடைய தாய்மாரும் நண்பரும் ஊசியை எடுத்தனர். யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவுக்குக் காட்டியதும் அவள் தைத்துக் கொடுத்த உடைகளையே என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரம் கூறுகிறது.

மகளிடம் செய்முறையைக் கேட்டறிந்தேன். பிறருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். ஸ்டுடியோக்களில் குவளைக்கும் டி-சட்டைக்கும் படம் போடும் சப்ளிமேஷன் முறை பாலியெஸ்டருக்கே உரியது. வெறும் பருத்தியில் அந்த மை நிற்காது. கொச்சியின் புழுக்கத்தில் பாலியெஸ்டரைப் போர்த்துவது யார்? டிரான்ஸ்ஃபர் தாளில் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவது மலிவான வழி. ஆயினும் படம் துணியின்மேல் ஒரு தோல்போல் நிற்கும். மடித்த இடத்தில் வெடிக்கும். ஆகவே அவள், மை பிடிக்கப் பதப்படுத்தி, பின்புறம் தாள் ஒட்டிய பருத்தித் துணியை வாங்கி, இங்க்ஜெட் அச்சுப்பொறியில் நேராகவே அச்சிட்டாள். சாய மையைவிடப் பிக்மெண்ட் மை நெடுநாள் நிற்கும். ஆறங்குலச் சதுரத்திற்கு ஒரு பக்கத்தில் ஆயிரம் புள்ளிகளாவது இருந்தால்தான் முகம் தெளியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்ல வேண்டும். தையல் முகத்தைச் சுற்றி ஓடலாம், குறுக்கே ஓடலாகாது.

படங்களைத் தெரிந்தெடுக்கவே இரண்டு மாதம் சென்றது. ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று எடுத்த படத்தை மகள் விரும்பினாள். தாயோ எர்ணாகுளம் படகில் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் அமர்ந்திருக்கும் மங்கலான படத்தையே கேட்டார். "வேலை முடிந்து வரும்போது இப்படித்தான் இருப்பார்" என்றார். நடுச்சதுரம் அதற்கே கிடைத்தது.

பின்னர் ஒரு தடை எழுந்தது. சபை மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, "முகத்தின்மேல் கால் படலாமா, பாஸ்டர்?" என்றார். புத்தகத்தில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்கள் நாம். அவர் கேட்டதை நான் அற்பமாக எண்ணவில்லை. பெண்களே அதற்கு விடை கண்டனர். படங்கள் யாவும் மார்புக்கு மேலே வர, கால்மாட்டில் கைலித் துண்டுகள் மட்டும் வந்தன. மூப்பர் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை.

துவைப்பதைப் பற்றியும் விசாரித்தனர். ஃபோர்ட் கொச்சியில் வெளி மைதானத்தின் பக்கம் உள்ள தோபி கானாவில், டச்சுக்காரர் காலத்திலேயே வந்ததாகக் கூறப்படும் தமிழ் வண்ணார் குடும்பத்தினர் இன்றும் துவைக்கின்றனர். அங்குள்ள பெரியவர் ஒருவர் போர்வையைத் தடவிப் பார்த்து, குளிர்ந்த நீர் போதும், ஊறவைக்கலாகாது, சோடாவும் வெளுப்புத்தூளும் ஆகாது, புறம் மாற்றி நிழலில் காயப்போட வேண்டும் என்றார். "இருந்தாலும் மங்கும் அம்மா" என்றும் சொல்லிவிட்டார். அப்படியானால் பெட்டியில் வைத்துவிடலாமே என்றாள் மகள். தாய் கேட்கவில்லை, அன்றிரவே போர்த்திக்கொண்டார். என் எண்ணமும் தாயின் பக்கமே. பெட்டியில் வைத்த துணியைக் கொச்சியின் பூஞ்சணம் தின்னும்.

அச்சிட்ட கோப்புகளை மகள் மூன்று இடங்களில் சேமித்து வைத்திருக்கிறாள்.

போர்வையின் மேல்வரிசையில் ஒரு சதுரத்தில் மட்டும் முகம் இல்லை. கணவரின் தாயாரை எவரும் படம் எடுத்ததில்லை. ஊரிலிருந்து வந்த அவருடைய சுங்குடிச் சேலையில் கையகலம் வெட்டி அங்கே தைத்திருக்கின்றனர். போர்வையைக் காண வரும் அண்டை வீட்டு மலையாளப் பெண்களுக்குச் சகோதரி வரிசையாக விரல் வைத்துக் காட்டுகிறார்: இது இவர், இது என் மூத்தவள், இது என் மாமியார்.