துறவிகள் கட்டின சத்திரம்

பப் என்றாலே எங்கட வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். "குடிக்கிற இடத்துக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று அம்மம்மா கேட்பா. ஆனால் இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய 'இன்', நாங்கள் சொல்லும் சத்திரத்துக்குத்தான் கிட்ட: வழிப்போக்கருக்குச் சாப்பாடு, படுக்கை, குதிரைக்கு லாயம்.

பாத் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றரில், நோர்ட்டன் செயின்ட் பிலிப் கிராமத்தில் உள்ள ஜோர்ஜ் இன் இதற்கு நல்ல உதாரணம். அதைக் கட்டினது பக்கத்து ஹின்டன் மடத்துத் துறவிகள். மௌனமாக வாழ்ந்தவர்கள்தான், ஆனால் மடத்துக்கு வருமானம் ஆட்டு ரோமத்தில். சந்தைக்கு வரும் வியாபாரிகள் தங்கவும் ரோமத்தை அடுக்கி வைக்கவும் இடம் வேண்டியிருந்தது.

பிள்ளைகளை முதலில் தெருவின் மறுபக்கத்தில் நிறுத்துங்கோ. கீழ்த்தளம் முழுக்கக் கல். மேல் இரண்டு மாடிகளும் மரச்சட்டம், 15ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. ஒவ்வொரு மாடியும் கீழுள்ளதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். ஏன் விழவில்லை என்று கேட்டுப் பாருங்கோ. தரையைத் தாங்கும் மரங்களே சுவரைத் தாண்டி நீளுகின்றன. அவற்றின் நுனியில் மேல்சுவரின் பாரம் அழுத்துவதால் தரை நடுவில் தொய்வது குறையும். தெருவில் இடம் பிடிக்காமல் மேலே அறையும் பெரிசாகும்.

நடு வாசலால் பின்முற்றத்துக்குப் போனால் மரத்தாழ்வாரம் தெரியும்.

1539இல் மடம் மூடப்பட்டது, சத்திரம் நிலைத்தது. 1668 ஜூனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் இந்த ஊரில் 10 ஷில்லிங்குக்குச் சாப்பிட்டார். 1685 ஜூனில், அரசனுக்கு எதிராகக் கிளம்பின மொன்மத் பிரபு படையோடு இங்கே தங்கினார். அடுத்த மாதமே லண்டனில் அவர் தலை வெட்டப்பட்டது.

இன்று இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம், அனுமதியின்றி மாற்றங்கள் செய்ய ஏலாது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே, நூற்றாண்டுக் கணக்காக இதைக் காப்பாற்றினது உள்ளே வந்து சாப்பிட்ட சனம்தான்.

"வெள்ளைக்காரன்ட சரித்திரம், எங்களுக்கென்ன?" என்று நாங்கள் ஒதுங்கலாம். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது தன் ஊர்ச் சரித்திரம். அதை எங்களோடு சேர்ந்து பார்க்கக் கிடைத்தால், அதற்காக அவர்கள் எங்களை விட்டு விலகத் தேவையில்லை.

பெரியவர்களோடு பிள்ளைகள் உள்ளே போகச் சட்டத்தில் தடையில்லை. ஆனாலும் இடத்துக்கு இடம் விதி வேறு, முதலே கேட்டுவிட்டுப் போங்கோ. அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.