முன்சீப் கோர்ட்டில் திருடனுக்கு என்ன வேலை?

பள்ளியில் அது ஒரு மதிப்பெண் கேள்வி. தமிழின் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, வெளிவந்த ஆண்டு 1879. மதிப்பெண் கிடைத்தது. பின்னாளில் புத்தகத்தையே படித்தபோது சோர்ந்துபோனேன். கதாநாயகி ஞானாம்பாளுக்கு என்ன ஆயிற்று என்று மனம் பதைக்கும்போது ஒரு கிளைக்கதை குறுக்கே வரும். அது முடிந்தால் ஓர் உபதேசம். உபதேசத்துக்கு உதாரணமாக இன்னொரு கதை.

இத்தனை கதைகளும் எங்கிருந்து வந்தன? “முன்சீப்பாக இருந்தவர், கோர்ட்டில் கேட்டதை எழுதினார்” என்பார் எங்கள் தமிழாசிரியர். அதைச் சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஆள் இருந்தார். பெரியப்பா, கோர்ட் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். கதைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு போய் அவர் முன் உட்கார்ந்தேன். திருடன் கதையைச் சொன்னதுமே மடக்கினார்.

“முன்சீப் கோர்ட்டுல திருடனுக்கு என்னடா வேலை? அது சிவில் கோர்ட்டு. கடன், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு. இதுல எது உன் பட்டியல்ல இருக்கு?”

ஆண்வேடத்தில் இருக்கும் ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலை போடுவதைச் சொன்னேன். அதையும் பட்டியலிலிருந்து ஒரே கோடாக அடித்துவிட்டார். பழைய வழக்குக் கட்டுகளில் தேடினால் ஏதாவது கிடைக்காதா என்றேன். “கெடு முடிஞ்ச கட்டை அழிச்சிடுவாங்க. நூத்தம்பது வருஷத்துக் கட்டை எவன் வச்சிருப்பான்?” என்றார். பட்டியலில் ஒன்றுகூட அவரிடம் தேறவில்லை.

முன்னுரைக்குத் திரும்பினேன். வேதநாயகம் பிள்ளையே அங்கே காரணத்தைச் சொல்லியிருக்கிறார். தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைப் போக்க வேண்டும். ‘நீதிநூல்’, ‘பெண்மதி மாலை’ முதலிய தம் நூல்களில் சொன்ன அறங்களைக் கதையாக்கிக் காட்ட வேண்டும். ‘நீதிநூல்’ வந்தது 1859இல். ஆக, அறம் முதலில் பிறந்தது, கதை அதற்காகச் செய்யப்பட்டது. என்னைச் சலிக்கவைத்தது இதுதான். நாவலாக அது இன்றும் என்னைக் கட்டிப்போடவில்லை.

ஆனால் ஓரிடம் மட்டும் எந்த நீதிக்கும் உதாரணமாக எழுதப்பட்டதல்ல. வழக்காடுபவர்களுக்குத் தமிழ்தான் தெரியும். வக்கீலுக்கும் நீதிபதிக்கும் அதுவே தாய்மொழி. அப்படியிருந்தும் விவாதம் இங்கிலீஷில் நடக்கிறதே என்று அங்கே கொதிக்கிறார். கேட்டுக் கேட்டு மனம் புண்பட்டவரின் குரல் அது. பெரியப்பாவுக்கு அதைப் படித்துக்காட்டினேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வாசலுக்கு வந்து கட்சிக்காரன் என்கிட்டதான் கேப்பான், ‘ஐயா, உள்ள என்ன சொன்னாங்க? ஜெயிச்சிட்டேனா?’ன்னு. இவர் பார்த்திருக்கார்டா. இது கோர்ட்டுல கேட்டதுதான்.”

கொஞ்ச நேரம் கழித்து, “எப்ப வேலையை விட்டார்?” என்றார்.

“1872இல்.”

“புத்தகம் அதுக்கப்புறம்தானே வந்துச்சு? அதான் தைரியமா சொல்லிட்டார்.”

அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. முன்சீப் நாற்காலியில் இருக்கும்போதே, 1805 முதல் 1861 வரை இங்கிலீஷில் வந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டவர் அவர். அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று இப்போது பெரியப்பாதான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.