இரவு பத்து மணிச் சாப்பாடு

அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று எடை பார்த்தோம். 60 கிலோ. "எடை அப்படியேதான்டா இருக்கு" என்றார் அம்மா. எனக்கும் நிம்மதி. தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. கருவி காட்டினால் நம்புகிறவன்.

அப்பா கெடாவில் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் குலை வெட்டியவர். சம்சு குடித்துக் குடித்தே கல்லீரல் இறுகிச் சுருங்கிவிட்டது. வயிற்றில் நீர். வீட்டில் உடனே பத்தியம் தொடங்கியது. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. மூன்று வேளையும் கஞ்சி. இரவு ஏழு மணிக்கே படுக்க வைத்துவிடுவோம். "கறி தின்னா விஷம் தலைக்கு ஏறிடும்" என்று அத்தை சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தக் கஞ்சியில் எனக்குக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. சம்பள நாள்களில் அம்மா சோற்றை மூடி வைத்துக்கொண்டு நள்ளிரவுவரை காத்திருப்பார். அப்பா வந்து தட்டைத் தள்ளிவிடுவார். நான் பாய்க்குள் விழித்துக் கிடப்பேன். இப்போ கஞ்சிதானே, குடிக்கட்டும்.

அடுத்த மாதம் கிளினிக்கில் உணவியல் அதிகாரி எடையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் கட்டைவிரல் அடிச்சதையைத் தொட்டுப் பார்த்தார். நெற்றிப் பொட்டில் விழுந்திருந்த குழியைப் பார்த்தார். "இந்த அறுபதுல எட்டு கிலோ தண்ணியா இருக்கும் தம்பி. சதையெல்லாம் போயிடுச்சு. என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை.

நல்ல கல்லீரல் இரவுக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைக்கும். இறுகிய கல்லீரலால் அது முடியாது. ஓர் இரவு வெறும் வயிற்றோடு படுத்தாலே, நல்ல உடம்பு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஆவதுபோல், தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கத் தொடங்கிவிடும். தலைக்கேறும் அந்த அமோனியாவைக் குறைப்பதில் தசைக்கும் பங்கு உண்டு. தசை போனால் குழப்பம் கூடும். புரதத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர்களே ஒரு காலத்தில் சொன்னதுதான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

கணக்குப் போட்டேன். நீரைக் கழித்தால் 52 கிலோ. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் நாளுக்கு 62 முதல் 78 கிராம். கிலோவுக்கு 35 கலோரி என்றால் 1,820. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். எங்கள் கஞ்சி மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. குடி பாதி தின்ற உடம்பின் மீதியை நாங்கள் பத்தியம் என்ற பெயரில் கரைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது சிறிது சிறிதாக ஆறு வேளை. முட்டை, மீன், கோழி, தவ்ஃபூ. உப்பு மட்டும் குறைவு. கருவாடும் கிச்சாப்பும் கிடையாது. தூங்கும் முன் ரொட்டி, முட்டை, பால். நீர் இறங்க மாத்திரை கொடுத்ததும் எடை 55-க்கு வந்தது. அம்மா அழுதார். "தண்ணிதாம்மா போகுது" என்று புரியவைக்க வேண்டியிருந்தது.

அப்பாவை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் பதில் இல்லை. சனி, ஞாயிறு வீட்டுக்குப் போனால் பத்து மணி முறை என்னுடையது. அம்மா தூங்கட்டும். மூடி வைத்த தட்டை எடுத்துக்கொண்டு போய் எழுப்புவேன்.

"பசிக்கலடா."

"பசிக்காட்டியும் சாப்பிடுங்க."

மெதுவாக மெல்லுவார். முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.