இரண்டு வாசல் வீடு

சித்தூரில் என் வீட்டுக்கு இரண்டு இன்டர்நெட் இணைப்புகள். மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைப்பவனுக்கு இது ஆடம்பரமில்லை. ஒன்று படுத்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்று மாதாமாதம் இரண்டு பில் கட்டினேன். போன மழைக்காலத்தில் ஓர் இரவு, கட்டுரையை அனுப்ப வேண்டிய நேரத்தில், இரண்டும் கைவிட்டன. பதற்றத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. அந்தக் கட்டுரை இன்னொருவர் மொழிபெயர்ப்பில் அச்சேறியது.

"இரண்டும் போகலை மாமா, ஒண்ணுதான் போச்சு" என்றான் திருப்பதியிலிருந்து வந்த அக்கா மகன். நெட்வொர்க் வேலை பார்ப்பவன். ரூட்டரில் இருந்த பாதைப் பட்டியலைத் திறந்து காட்டினான். இரண்டு கேட்வேக்கள், அதாவது வெளியே போகும் வாசல்கள். ஒன்றுக்கு மெட்ரிக் 10, மற்றதற்கு 20. சிறிய எண்ணுக்கே முதல் மரியாதை.

அன்று நாலு தெரு தள்ளி முறிந்த மரக்கிளை முதல் இணைப்பின் ஒயரை அறுத்திருந்தது. ஆனால் என் மேஜை மீதிருந்த மோடம் உயிரோடு இருந்தது. அதை மட்டும் பார்த்த ரூட்டர், வழி சரியென்று நம்பி எல்லாவற்றையும் அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தது. மோடம் ஒயரை நான் பிடுங்கியிருந்தாலே போதுமாம், இரண்டாம் வாசல் திறந்திருக்கும்!

எனக்குத் திருமலை நினைவுக்கு வந்தது. 1944ல் திறந்த மலைப்பாதையில் வண்டிகள் இறங்கும், 1974ல் திறந்ததில் ஏறும். 2021 டிசம்பர் 1 அன்று ஏறும் பாதையில் பாறைகள் சரிந்தன. அலிபிரியில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? மேலிருந்து தகவல் வர வேண்டும். வந்ததால்தான் இறங்கும் பாதையிலேயே வண்டிகளை ஏறவும் விட்டார்கள்.

ரூட்டருக்கும் அந்தத் தகவல் வேண்டும். சில விநாடிகளுக்கு ஒருமுறை 8.8.8.8 போன்ற தொலைதூர முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னான். மூன்று முறை பதில் இல்லையென்றால் இரண்டாம் வாசலுக்கு மாற வேண்டும். அந்தக் கூப்பாடு முதல் வாசல் வழியாகவே போக வேண்டும் என்றும் கட்டிப்போட்டான். இல்லையென்றால் அது இரண்டாம் வழியில் போய்ப் பதில் வாங்கிவந்து, முதல் வழி சரியாகிவிட்டதாகப் பொய் சொல்லுமாம்.

முதல் மோடத்திலிருந்து வெளியே போகும் ஒயரைக் கழற்றிச் சோதித்தோம். மோடம் விளக்கு எரிந்தபடியே இருக்க, சற்று நேரத்தில் ரூட்டர் வழி மாறிக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்பும்போது அவன் கேட்டான்: "ரெண்டு ஒயரும் எந்தக் கம்பத்துலேர்ந்து வருது மாமா?"

வெளியே போய்ப் பார்த்தேன். ஒரே கம்பம்.

இப்போது இரண்டாவது ஒயர் பின்தெருவிலிருந்து வருகிறது.