சுவரோரம் ஒரு கம்பி

2007-ஆம் ஆண்டின் மழைக்காலம். பங்கு இல்லத்துத் தொலைபேசிக் கம்பி வழியே வந்துகொண்டிருந்த இணைய இணைப்பு நாளுக்கு நாள் தளர்ந்து போயிற்று. ஆயர் இல்லத்திற்கு ஒரு படிவம் அனுப்ப அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். தொலைபேசி மணி அடித்துவிட்டாலோ, இருந்த இணைப்பும் அறுந்துவிடும். மோடத்தை அணைத்து ஏற்றிப் பார்த்தேன். கணினியைப் பரிசோதிக்கச் செய்தேன். குறை தொலைபேசி நிலையத்தில்தான் என்று முடிவுகட்டி, மூன்று முறை அவர்களைக் கடிந்தும் பேசினேன்.

நான்காம் நாள் லைன்மேன் வந்தார். நரைத்த தலையினர். கணினியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரிசீவரை எடுத்து, ஓர் எண்ணை அழுத்திவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணும் பேசாம கேளுங்க சாமி."

டயல் டோன் நின்று அமைதி நிலவ வேண்டிய இடத்தில் கரகரவென்று ஓர் இரைச்சல்.

ஒரே செம்புக்கம்பி இணையில்தான் பேச்சும் இணையமும் பயணம் செய்கின்றன. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. இணையம் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. கம்பியின் இணைப்பில் ஈரம் புகுந்தாலும், எங்கும் சென்று சேராத கிளைக் கம்பி ஒன்று தொங்கினாலும் இணையம் தடுமாறும். கிளையில் சென்ற அலை அதன் முனையில் மோதித் திரும்பி, நல்ல அலையையும் குலைத்துவிடும். இவற்றைப் பின்னர் அறிந்தேன்.

லைன்மேன் சுவரோரமாகவே நடந்தார். தாழ்வாரத்தில் மழைநீர் சொட்டும் இடத்தில் பச்சை பூத்த ஓர் இணைப்பு. அதிலிருந்து ஒரு கம்பி பிரிந்து உள்ளே சென்றது.

"இது எங்க போகுது சாமி?"

அது என் படுக்கையறைக்குச் சென்றது. இரவில் நோயில்பூசுதலுக்கு அழைப்பவர்களுக்காக எனக்கு முன்னிருந்தவர் இழுத்த கம்பி அது. 2004-இல் எனக்குக் கைப்பேசி வந்தது. அந்தத் தொலைபேசியைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். கம்பியை அப்படியே விட்டுவிட்டேன்.

"வேண்டாம்னா வெட்டிடலாம் சாமி."

என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. அவ்வாண்டுத் தவக்காலத்தில் ஒரு மூதாட்டி இறந்தார். அவர் வீட்டுச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது பழைய எண் ஒன்றே. பூட்டிய அலுவலகத்தில் மணி ஒலித்தது, நான் உறங்கிக்கொண்டிருந்தேன். "ரெண்டு தடவை அடிச்சோம் சாமி" என்றார் மகள், மறுநாள் காலையில். அக்குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சற்று எளிதாக இருந்திருக்கும். திருவருட்சாதனம் இன்றியே அந்த அன்னை போய்விட்டார். அப்போதுகூட அந்தத் தொலைபேசியை நான் மீண்டும் மாட்டவில்லை.

"வெட்ட வேண்டாம்" என்றேன். பழுதான இணைப்பை நீக்கி, கம்பி வீட்டினுள் நுழையும் இடத்திலேயே பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரை அவர் பொருத்தினார். படுக்கையறைக்குப் பேச்சு மட்டும் சென்றது. அன்று மாலை படிவம் நொடிகளில் போய்ச் சேர்ந்தது.

ஆலயத்தில் உறங்கிய சிறுவன் சாமுவேலை ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்ததைப் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். ஊருக்கு விளக்கிய நான், என் அறையின் கம்பியைத் துண்டித்து வைத்திருந்தேன். குறையைத் தொலைவில் தேடினேன். அது என் கட்டிலுக்கருகே தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது என் பங்கு இல்லத்திற்குக் கண்ணாடியிழை வந்துவிட்டது. கைப்பேசி தலைமாட்டில் இருக்கிறது. உறங்கச் செல்லுமுன் அதன் மணி ஒலிக்குமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அந்த மூதாட்டிக்காகவும் அப்போது மன்றாடுகிறேன்.