சரிபாதி
உயிரின் மதிப்பு பற்றிப் பேசும் கிறிஸ்தவ அரசியல் பெரும்பாலும் கருக்கலைப்போடு நின்றுவிடுகிறது. பிறந்த பிள்ளை தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் புகைக்குள் வளர்வதும் உயிர்ப் பிரச்சினைதானே?

இலங்கை மலையகத்தில் இறம்பொடைப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1948இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கு வைத்தது. மிஞ்சிய 150,000 பேரையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். கொழுந்துத் தராசுகூட இவ்வளவு துல்லியமில்லை. அதில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்துவிடுவார்கள்! அண்ணன் தலைமன்னாரில் கப்பலேற, தம்பி தோட்டத்திலேயே நின்றான்.

1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு மையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பெர்ஸ் தோட்ட மக்களின் உரிமையைத் தன் விசுவாசத்தின் வேலையாகவே எடுத்துக்கொண்டார். லயத்தில் பலருக்கு இன்றும் காணி உறுதி இல்லை. ஞாயிறு பிரசங்கத்தில் அதைக் கேட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எந்தக் கோயில் என்று.