இட்லிப்பூவுக்கு வந்த சோகை

ஜூலை 6

சுற்றுச்சுவரை ஒட்டி வைத்த இட்லிப்பூச் செடி மறுபடி மஞ்சளித்துவிட்டது. அடியில் இருக்கும் முற்றிய இலையெல்லாம் கரும்பச்சை; நுனியில் விடும் தளிர்தான் வெளிறுகிறது. அதிலும் நரம்பு மட்டும் பச்சையாக ஓடுகிறது. பசியாக்கும் என்று போன மாதம் இரண்டு கூடை சாணி எரு போட்டேன். அசையவில்லை. அதே நாளில் வாங்கி வாசல் தொட்டியில் வைத்தது கொத்துக் கொத்தாகப் பூத்துத் தள்ளுகிறது.

ஜூலை 9

இலையைக் கிள்ளிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். தம்பி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "போர் தண்ணியாக்கா? செவுரு ஓரமா?" இரண்டுக்கும் தலையாட்டினேன்.

தழைச்சத்து குறைந்தால் முதலில் கிழ இலை மஞ்சளாகும். செடி அதிலிருந்து சத்தை உருவித் தளிருக்குக் கொடுத்துவிடும். இரும்பை அப்படி எடுத்துக் கொடுக்க அதற்கு வழியில்லை. அதனால்தான் பிஞ்சு இலை வெளுக்கிறது. மண்ணில் இரும்பு இல்லாமலும் இல்லை. வீடு கட்டியபோது சுவரோரம் கொட்டி மூடிய சிமெண்டும் சுண்ணாம்பும், நான் தினமும் ஊற்றும் போர் தண்ணீரும் சேர்ந்து மண்ணைக் காரமாக்கிவிட்டன. கார மண்ணில் இரும்பு கரையாது, வேருக்கு எட்டாது. இட்லிப்பூவுக்கோ புளிப்பு மண்தான் பிறந்த வீடு. கேரளத்தில் 'செத்தி' என்று செம்மண் வேலியோரம் யார் தயவும் இல்லாமல் பூக்கிறது.

அன்னபேதி வாங்கி வந்தேன். லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளிக்க வேண்டும். எனக்கு டாக்டர் எழுதித் தந்த மாத்திரையும் இதே இரும்பு உப்புதான். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துச் சீட்டு.

ஜூலை 10

அன்னபேதி சிந்திய தரையில் துருக்கறை. தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது.

ஆகஸ்ட் 2

புதுத் தளிர் பச்சையாக வருகிறது. போர் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஏ.சி.யிலிருந்து சொட்டுவதைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறேன். அதில் உப்பில்லை.

இதன் பழைய பெயர் வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவரப் போனவர்கள் சூடிய பூ. கவர்வதையும் மீட்பதையும் தொல்காப்பியம் வெட்சிக்குள்ளேயே வைத்தது. மீட்பவர்க்குக் கரந்தையைத் தனியே கொடுத்தது பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை. 1753இல் லின்னேயஸ் பதிவுசெய்த 'இக்சோரா' என்ற பெயர், ஈசுவரன் போர்த்துக்கீசிய வாயில் திரிந்தது என்கிறார்கள். மாடு பிடிக்கப் போய், ஈசனிடம் இருந்துவிட்டு, கடைசியில் இட்லியில் வந்து நின்றிருக்கிறது. எனக்கென்னவோ இட்லிதான் பிடித்திருக்கிறது. உப்பிய அந்தக் கொத்தைப் பார்த்தவர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

நவம்பர் 3

நான்கு நாளாக மழை. சுவரோரச் செடியில் முதல் கொத்து. பக்கத்து வீட்டுச் சிறுமி கேட்காமலே ஒரு பூவைப் பிடுங்கி, நடுவிலிருந்த ஊசியை உருவி, அதில் தொங்கிய தேன்துளியை நக்கினாள். ஊசி நுனியில் மகரந்தம் அப்பியிருந்தது. அப்படியென்றால் இன்று மலர்ந்த பூ. பறிக்காமல் விட்டிருந்தால் அந்த நுனியே பிறகு இரண்டாகப் பிளந்து, வேறு பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொண்டிருக்கும்.

"எனக்கும் ஒண்ணு குடுடி" என்றேன்.

"உங்க செடிதானே பாட்டி, நீங்களே பறிச்சுக்கோங்க."